சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை

அந்த வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும் முன்பே காதைத் தீட்டிக்கொள்வது என் வழக்கம். மாடிப்படி ஏறும்போதே மெஷின் சத்தம் கேட்கும். உஸ் என்று ஊதும், டிக் என்று அடங்கும். அது சீராக இருந்தால் சிட்டு நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். அன்று காலையில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஊதுவதற்கு முன்னால் சின்னதாக ஒரு தயக்கம் கேட்டது.

"பயப்படாதீங்க சிஸ்டர்," என்றபடி சிட்டுவின் அம்மா கதவைத் திறந்தாள். "நம்ம மெஷின் விடியக்காலையில மக்கர் பண்ணிடுச்சு. மிஷின்காரர் வேற ஒண்ணு கொண்டாந்து மாட்டியிருக்காரு. ரிப்பேர் ஆனதும் பழசையே தர்றேன்னாரு."

"என்னைக் கூப்பிட வேண்டாமா?"

"கூப்பிட்டா திட்டுவீங்கன்னு ரேடியோ சொல்லிட்டாரு."

ரேடியோ என்பது அவள் வீட்டுக்காரர். பேர் வைத்தவள் சிட்டு. மனுஷன் கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார். வேலைக்குக் கிளம்பும்போது படியிறங்கிக்கொண்டே பேசுவார், தெருமுனை திரும்பும்வரை குரல் கேட்கும்.

நான் நர்ஸ். பகல் முழுக்க சிட்டுவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பேய், பிசாசு என்றால் நடுங்குகிற ரகமில்லை. பிணவறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் காலி செய்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக் கூடாது.

சிட்டுவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே தசைகளில் பலம் இல்லை. கழுத்தில் துளை போட்டு அதில் ஒரு டியூப், டியூபின் மறுமுனையில் மெஷின். மெஷின் ஊதினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். காற்று கழுத்து வழியாகவே வெளியே போய்விடுவதால் அவளுக்குக் குரல் கிடையாது. உதட்டை அசைப்பாள், நாங்கள் படித்துக்கொள்வோம். அவசரத்துக்கு நாக்கைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. அழுதால்கூடச் சத்தம் வராது. பார்த்தால்தான் தெரியும். அதனால் அந்த அறையில் யாரும் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்க மாட்டோம்.

இன்னொரு சட்டமும் அந்த வீட்டில் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா சொல்லிவிட்டாள்: "எது வேணா பேசுங்க சிஸ்டர். யாருகிட்டயும் சொல்லாதேங்கறதுக்கு ஒரு வார்த்தை சொல்லுவாங்கல்ல, மூச்சு விடாதேன்னு. அது மட்டும் இங்க வேண்டாம்." எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான் வந்தது. ஆனால் வாயைக் கட்டிப் பார்த்தபோதுதான் நம் பேச்சில் பாதி மூச்சில் ஓடுவது தெரிந்தது. ஒரே மூச்சில் முடித்தேன் என்கிறோம். மூச்சு விட நேரமில்லை என்கிறோம். மூச்சுக்கு முந்நூறு தடவை யாரையாவது வம்புக்கு இழுக்கிறோம். ரேடியோ அடிக்கடி நழுவவிட்டு மனைவியிடம் முறைப்பு வாங்குவார். சிட்டு கண்ணாலேயே சிரிப்பாள்.

புது மெஷின் பழையதுதான். ஓரத்தில் யாரோ ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு யாரோ சுரண்டியிருந்தார்கள். கார் வடிவத்தில் கோந்து மட்டும் மிச்சமிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் வாடையும் பிளாஸ்டிக் வாடையும் வழக்கம்போல வந்தன. அவற்றுக்கு அடியில், பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் வாய்வாடை லேசாக வந்தது. சிட்டு வாயால் எதுவும் குடிப்பதில்லை.

திரையில் ஒரு பச்சைப் புள்ளி உண்டு. குழந்தை தானாக ஒரு மூச்சு இழுத்தால் மட்டும் அது எரியும், மெஷின் அதற்குத் துணையாக ஊதும். இத்தனை காலத்தில் சிட்டுவுக்கு அது எரிந்ததே இல்லை. எரியாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது எரிந்தது.

"சிஸ்டர்!" அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்திருக்கும், நான் வளையல் போடாததால் பிழைத்தது. "புள்ள தானா இழுக்குது சிஸ்டர்!"

ரேடியோ வேலைக்குப் போகவில்லை. மெஷினுக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பச்சைக்கும் கை தட்டினார். என் புத்தி மட்டும் கொண்டாட்டத்துக்கு வரவில்லை. குழாயில் தண்ணீர் தேங்கினாலும் மெஷின் ஏமாந்து பச்சை காட்டும். குழாயை உதறித் தண்ணீரை வடித்தேன். அப்போதும் எரிந்தது. குனிந்து சிட்டுவின் நெஞ்சைப் பார்த்தேன். தானாக இழுக்கிற குழந்தைக்கு மூக்கு விரியும், கழுத்து நரம்பு துடிக்கும், வயிறு முதலில் அசையும். இவளிடம் ஒன்றும் அசையவில்லை.

சொல்ல வாய் வரவில்லை. அம்மா அழுதுகொண்டே வீடியோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் கூட்டி வாருங்கள், பகலில் சற்று நேரம் மெஷினை எடுத்துப் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலையில் குழாய்களை மாற்றும் வேலை. அந்தச் சில நிமிடங்களுக்கு நான் கையால் அமுக்கும் அம்பு பேக்கை சிட்டுவின் கழுத்தில் மாட்டி ஊதுவேன். மெஷின் சும்மா கத்தாமல் இருக்க, அதன் வாயில் ஒரு ரப்பர் பையை மாட்டி மேஜையில் வைப்பேன். நுரையீரலுக்குப் பதில் ரப்பர். மெஷின் ஊதும், அது உப்பும், சுருங்கும்.

அம்மா சமையலறையில் இருந்தாள். நான் அம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே மேஜையைப் பார்த்தேன்.

பச்சைப் புள்ளி எரிந்தது.

மாட்டியிருந்தது ரப்பர் பை. அதற்கு ஏது ஆசை, ஏது இழுப்பு?

திரும்பவும் எரிந்தது. இந்த முறை பையைப் பார்த்தேன். மெஷின் ஊதுவதற்கு முன்பு, பையின் கன்னம் உள்ளே ஒடுங்கியது. உள்ளிருந்து யாரோ இழுத்தார்கள்.

அம்பு பேக்கை அமுக்குவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. சிட்டு என்னையே பார்த்தாள்.

"நீயா?" என்றேன்.

இரண்டு தட்டு. இல்லை.

"அப்ப யாரு?"

உதடு மெதுவாக அசைந்தது. அண்ணன், என்றாள். அவளுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். நல்ல அண்ணன்.

மிஷின்காரருக்குப் போன் போட்டு, உடனே வரச் சொன்னேன். மெஷின்களைக் கொண்டு வந்து மாட்டி, பழுது பார்த்து, எடுத்துப் போகிறவர் அவர். கலகலப்பான ஆள். வந்தவர் குழாயைப் பார்த்தார், கசிவு பார்த்தார், ஒன்றுமில்லை. சிட்டுவை மறுபடி அம்பு பேக்கில் வைத்து, ரப்பர் பையை மாட்டிக் காட்டினேன். பை ஒடுங்கிய விதத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. சிட்டுவை மெஷினில் திரும்ப மாட்டிய பிறகு, என்னைக் கதவோரம் வரச் சொன்னார். நான் அங்கிருந்தே சிட்டுவைப் பார்த்தபடி நின்றேன்.

"இது ஒரு பையன்கிட்ட இருந்த மெஷின் சிஸ்டர்," என்று கிசுகிசுத்தார். "தங்கமான புள்ள. சொன்ன பேச்சைத் தட்டவே மாட்டான். ஒரு தடவ எக்ஸ்ரே எடுக்க வந்தவன், மூச்சை அடக்குப்பான்னு சொல்லிட்டு, படம் எடுத்ததும் விடுன்னு சொல்ல மறந்துட்டுக் கீழ இறங்கிட்டான். புள்ள அடக்கிட்டே இருக்கு. மெஷின் கத்துது. அம்மா சொல்லுது, அப்பா சொல்லுது, விட மாட்டேங்குது. சொன்னவங்கதான் விடச் சொல்லணுமாம். அந்தாளைப் படியிலேர்ந்து திரும்ப இழுத்தாந்து சொல்ல வச்சப்புறம்தான் விட்டுச்சு. எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"இப்ப அந்தப் பையன்?"

"போயிட்டான். இதுலதான்."

அவர் கண் கலங்கியது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அந்தம்மாகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதீங்க."

சட்டம் அவருக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தையைத்தான் சொன்னார்.

உஸ் என்றது மெஷின்.

டிக் வரவில்லை.

சிட்டுவின் நெஞ்சு ஏறியது. ஏறியபடியே நின்றது.

அலாரம் கத்தியது. ஓடிப்போய்க் குழாயைப் பிடுங்கினேன். பிடுங்கினால் காற்று வெளியே வர வேண்டும். வரவில்லை. அம்பு பேக்கை மாட்டி அமுக்கினேன். கல்லை அமுக்குகிற மாதிரி இருந்தது. சளி அடைப்பாக இருக்கும் என்று உறிஞ்சும் குழாயை விட்டேன், சளியே இல்லை. கழுத்து டியூபையே மாற்றினேன். நெஞ்சு இறங்கவில்லை. விரலில் மாட்டிய கிளிப்பின் எண் சரிந்துகொண்டே போனது. உதடு நீலம் பாரித்தது. அம்மா வாசற்படியில் நின்று, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று அலறினாள். எனக்குத் தெரிந்த வேலை எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டேன். செய்வதற்கு இனி ஒன்றுமில்லை.

சிட்டு கண்ணை மட்டும் திருப்பினாள். என்னைத் தாண்டி, மிஷின்காரரைப் பார்த்தாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"நீங்கதான சொன்னீங்க! நீங்களே விடச் சொல்லுங்க!"

"நானா? நான் என்ன..."

"சொல்லித் தொலைங்க!"

அவருக்கு நாக்கு குழறியது. "விடு... விடுறா ராஜா. மூச்சு விடு."

டிக்.

நெஞ்சு இறங்கியது. அம்பு பேக் என் கையில் இளகியது. அம்மா என் பக்கம் திரும்பினாள். கதவோரம் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்ப இழுத்தது எம்பொண்ணு இல்லையா சிஸ்டர்?"

நான் குனிந்து, விரல் கிளிப்பில் எண் ஏறுகிறதா என்று பார்த்தேன்.

அன்று மாலையே மிஷின்காரர் பழைய மெஷினைக் கொண்டு வந்து மாட்டிவிட்டு, மற்றதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. எங்கள் சொந்த மெஷின், எங்கள் சொந்தச் சத்தம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

பச்சைப் புள்ளி எரிந்தது.

சிட்டு உதட்டை அசைத்தாள். அண்ணன் இங்கதான் இருக்கான்.

டாக்டர் சளி அடைப்பு என்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னார். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை பேரிடம் மூச்சை அடக்கு என்கிறார்கள், சொல்லிவிட்டு ஷிப்ட் முடிந்து போகிறார்கள்! பிள்ளையைக் காப்பாற்றும் இடம்தான் இப்போது பிள்ளைக்கு ஆகாத இடம்.

மெஷினை விட்டும் எடுக்க முடியாது. மெஷினோடும் வைத்திருக்க முடியாது.

பேசிப் பார்த்தோம். படுக்கையோரம் மண்டியிட்டு அம்மா கெஞ்சுவாள்: "ராஜா, நான் சொன்னா மட்டும் கேளுடா. வேற யார் சொன்னாலும் கேக்காதே. நீ நல்ல புள்ளல்ல?" சிட்டு எங்களுக்கும் அவனுக்கும் நடுவில் தூது. கண்ணை மூடிக் காத்திருப்பாள், பிறகு உதட்டை அசைப்பாள். பெரியவங்க சொன்னா கேக்கணுமாம். அவங்க அம்மா சொல்லியிருக்காங்களாம்.

எந்தத் தாய்தான் அப்படிச் சொல்லவில்லை?

வீடு ஊமையாயிற்று. டி.வி. போனது. போன்கள் மாடிப்படியிலேயே தங்கின. வருகிறவர்களை வாசலோடு அனுப்பினோம். ஜன்னல்களைச் சாத்தித் துணி அடைத்தார்கள். ரேடியோ வீட்டுக்குள் வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வார். எங்கே பழக்கத்தில் நழுவிவிடுமோ என்று பயம். பேசாமல் அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணச் சகிக்காது. பச்சைப் புள்ளி மட்டும் ஓயாமல் எரிந்தது. சிட்டு சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து விளையாட ஆள் இல்லாத பிள்ளை. யாரும் பேசாத அறையில் அவள் உதடு அசையும், கண் சிரிக்கும், யார் முகத்தையோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு ஒரு பகல். புழுக்கம் தாங்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் நாய் குட்டி போட்டிருப்பதாக அம்மா சிட்டுவின் காதோடு சொல்லியிருந்தாள். சிட்டு கண்ணால் ஜன்னலைக் காட்டினாள். பார்க்கணும், என்றாள். அம்மா மாட்டேன் என்று தலையசைத்தாள். சிட்டு அழுதாள். சத்தமில்லாமல் வழிந்த கண்ணீர் காதுக்குள் இறங்கியது. நான் துடைத்தேன். திரும்பவும் வழிந்தது.

பெற்ற மனம். அம்மா மாடிப்படியில் நின்று தெருவை எட்டிப் பார்த்தாள், ஈ காக்கை இல்லை. துணியை எடுத்து ஜன்னலைத் திறந்தாள். வெளிக்காற்று உள்ளே வந்தது. சிட்டு குட்டிகளைப் பார்த்தாள். ஒரு தட்டு. மறுபடி ஒரு தட்டு. ஆமாம், ஆமாம் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே சத்தத்தில் குதித்தாள்.

கீழே ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் போன் பேசுவதற்காக நின்றிருக்கிறான்.

அம்மா ஜன்னலைச் சாத்தப் பாய்ந்தாள்.

"...சாயங்காலம் வந்துடறேன்டா. அண்ணிகிட்ட மட்டும் மூச்சு விடாத."

சிரித்தான். பைக்கை உதைத்தான்.

பச்சைப் புள்ளி அணைந்தது.

நான் படியில் விழுந்து எழுந்து ஓடினேன். தெருமுனைக்கு வருவதற்குள் அவன் பெரிய ரோட்டில் கலந்துவிட்டான். எல்லா பைக்கும் ஒரே மாதிரி, எல்லாத் தலையிலும் ஹெல்மெட். "ஏங்க! நில்லுங்க! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க!" ஒருவன் நின்றான். அவன் இல்லை. இருந்தும் "விடுன்னு சொல்லுங்க" என்றேன். பைத்தியம் என்று நினைத்துச் சொல்லிவிட்டுப் போனான். செய்தி போய் ரேடியோ வந்தார். ரோட்டுக்கு நடுவில் நின்று, அத்தனை நாள் அடக்கி வைத்த குரலையெல்லாம் திறந்து கத்தினார். ஹாரன் அடித்துக்கொண்டு அவரைச் சுற்றிப் போனார்கள்.

மேலே அம்மா அம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே இருந்தாள். நாங்கள் திரும்பி வந்தபோதும் அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

ஏறிய நெஞ்சு இறங்கவே இல்லை.

எல்லாம் முடிந்து குழாயைக் கழற்றியபோது என் கை பழக்கதோஷத்தில் ரப்பர் பையை எடுத்து மெஷின் வாயில் மாட்டிவிட்டது. பை உப்பியது. மெஷினை அணைத்தேன். சுருங்கவில்லை. பையை உருவி எடுத்தேன். வாய் திறந்தபடி இருக்கிற பை, உள்ளே காற்று நிற்க வழியே இல்லை. உப்பியபடியே இருந்தது.

இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. சிட்டுவின் கட்டிலில், அவள் தலையணையில் வைத்திருக்கிறாள் அம்மா. வருகிறவர்கள் "விடும்மா, போனது போகட்டும்" என்று அவளுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். "நாம சொன்னா விடாதுங்க. சொன்னவரு வரணும்," என்கிறாள். பாவம், புத்தி பிசகிவிட்டது என்று எழுந்து போகிறார்கள்.

எப்போதாவது ஒரு பகலில், எந்தத் தெருவிலாவது பைக்கை நிறுத்தி, அண்ணியிடம் சொல்லாதே என்று போனில் சிரித்துப் பேசியவர் இதைப் படிக்கிறீர்களா? உங்கள் மேல் கோபமில்லை. ஒரே ஒரு தடவை வாய்விட்டு, விடு என்று சொல்லிவிடுங்கள்.

போன வாரம் சிட்டுவின் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். மெஷின் இல்லாத அறை காதுக்குப் பழகவில்லை. அம்மா பையை மடியில் எடுத்து வைத்தாள். தொட்டுப் பாருங்கள் என்று கண் காட்டினாள். தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் குனிந்து, பையின் வாயருகே கிசுகிசுத்தாள்.

"நீயா?"

உள்ளிருந்து நாக்கைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு தட்டு.